காலியாக விட்ட ஒன்பது கட்டங்கள்

அந்த ஆளை எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை. அவருக்கும் என்னைப் பிடிக்கவில்லை. செத்தவரைப் பற்றிக் குறை பேசாதே என்று அம்மா இருந்தால் சொல்லியிருப்பாள். அம்மாவும் போய்விட்டாள். என்னைத் தடுக்க வீட்டில் ஆள் இல்லை, சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். கணிதத்தில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு, அடையாறு பாலத்தைத் தாண்டி இருந்த ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். வேலையின் பெயர் பெரிதாக இருந்தது. செய்தது என்னவோ அட்டையில் ஓட்டை போடுவது. அன்றைக்குக் கம்ப்யூட்டர் என்பது ஏ.சி. அறைக்குள் நின்ற பீரோ வரிசை. அதோடு யாரும் நேராகப் பேச முடியாது. சொல்ல வேண்டியதை ஒரு தாளில் கட்டம் கட்டமாக எழுத வேண்டும். அந்தத் தாளைப் பார்த்து நாங்கள் நாலு பெண்கள் டைப்ரைட்டர் மாதிரி ஒரு மெஷினில் தட்டத் தட்ட, கெட்டி அட்டையில் ஓட்டைகள் விழும். ஓர் அட்டையில் எண்பது இடம். அப்படி நூற்றுக்கணக்கில் அட்டைகளை அடுக்கி உள்ளே கொடுத்தால், மறுநாளோ அதற்கு மறுநாளோ பதில் அச்சாகி வரும். ஓட்டையிலிருந்து விழுந்த காகிதப் பொட்டுகள் எங்கள் தலைமுடியில், புடவை மடிப்பில், டிபன் பாக்ஸில் எல்லாம் இருக்கும். மெஷினுக்கு ஏ.சி. எங்களுக்கு ஒரே ஃபேன். அதையும் அட்டை பறக்கும் என்று போட விடமாட்டார்கள்.

எங்கள் அறைச் சுவரில் ஒரே ஒரு விதி ஒட்டியிருந்தது: தாளில் உள்ளதுதான் அட்டையில். தாளில் தப்பு இருந்தால் தப்பையே குத்து. தாளில் காலியாக இருந்தால் காலியாக விடு. அதை எழுதி ஒட்டியவர் அந்த ஆள்தான்.

அவரை எல்லோரும் டாக்டர் என்பார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த திருநெல்வேலிக் குடும்பம். அண்ணன் தம்பிகள் எல்லாம் கடையில் துணி கிழித்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் வெளிநாடு போய்க் கடலைப் படித்துவிட்டு வந்தார். படித்தது கடல்தான், சந்தேகமில்லை. ஆனால் அலுவலகத்திலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்த கடற்கரைக்கு அவர் ஒரு நாள் போய் நான் பார்த்ததில்லை. மணல் ஷூவுக்குள் போய்விடுமாம். நான் சேர்ந்த அன்றைக்கு என் சர்ட்டிபிகேட்டைப் புரட்டிவிட்டு, கணிதம் படித்த பெண்களை இந்த வேலைக்கு எடுத்தால் ஒரு தொல்லை, அவர்கள் யோசிப்பார்கள் என்று எனக்கு முன்னாலேயே கிளார்க்கிடம் சொன்னார். நான் சிரித்திருக்க வேண்டும். சிரிக்கவில்லை. ஊசிமிளகாய் என்று எனக்குப் பள்ளிக்கூடத்திலேயே பெயர்.

அவர் செய்துகொண்டிருந்தது நல்ல வேலை. அதை நான் மறுக்கவில்லை. வங்கக் கடலில் புயல் கிளம்பிக் கரைக்கு வந்தால், காற்று தள்ளுகிற தள்ளலில் கடல் எவ்வளவு உயரம் எழும் என்று மெஷினில் கணக்குப் போட்டுப் பார்ப்பது. கடலை இரண்டு மைலுக்கு ஒரு கட்டமாகப் பிரித்துவிட வேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் அங்கே தண்ணீர் எத்தனை ஆழம் என்று எண் கொடுக்க வேண்டும். கட்டத்துக்குக் கட்டம் தண்ணீர் நகர்ந்து, கடைசியில் கரையில் முட்டும்போது எத்தனை அடி நிற்கிறது என்று மெஷின் சொல்லும். ஆழம் குறையக் குறையத் தண்ணீர் அதிகம் எழும். ஆகவே கரையை ஒட்டிய கட்டங்கள்தான் முக்கியம். தரை வந்துவிட்டால் பூஜ்யம். பூஜ்யத்தைக் கண்டால் மெஷினுக்கு அது சுவர். அதைத் தாண்டித் தண்ணீர் போகாது.

ஆழத்தை எல்லாம் கப்பல்காரர்கள் வைத்திருக்கும் ஒரு பழைய கடல் வரைபடத்திலிருந்து எடுத்தார்கள். ஓர் உதவியாளர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துத் தாளில் எழுதினார். நான் குத்தினேன். ஒரு வரிசைக்கு ஓர் அட்டை, மேற்கிலிருந்து கிழக்கே. முதலில் தரை, பூஜ்யம் பூஜ்யமாகப் போகும். பிறகு கடல்.

இரண்டு மாதம் கழித்து மெஷின் அச்சடித்துக் கொடுத்த படத்தைப் பெரிதாக ஒட்டிச் சுவரில் மாட்டினார்கள். கடலுக்கு எண்கள், தரைக்கு நட்சத்திரப் புள்ளிகள். டீ வாங்கிவர எழுந்து போன நான் அதன் முன்னால் நின்றேன். நம்முடைய மெட்ராஸ் எங்கே என்று பார்த்தேன். சாந்தோமிலிருந்து தெற்கே அடையாற்று முகத்துவாரம் தாண்டி, கரை வயிறு தள்ளினாற்போலக் கடலுக்குள் நீண்டிருந்தது. ஒன்பது வரிசைக்கு அப்படி.

நான் சாந்தோமில் பிறந்தவள். மாதா கோயில் மணி கேட்கிற சந்தில் எங்கள் வீடு. எங்கள் கரைக்கு வயிறு கிடையாது. அதைவிட, என் விரலுக்கு ஒன்று தெரியும். பூஜ்யம் குத்துவதற்கு ஒரு விரல், இடம் விடுவதற்குக் கட்டைவிரல். அந்த ஒன்பது அட்டையிலும் அந்த இடத்தில் நான் பூஜ்யம் குத்தவில்லை. தாளில் காலியாக இருந்தது, கட்டைவிரலால் தட்டி இடம் விட்டேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது.

உதவியாளரிடம் போய்க் கேட்டேன். அவர் பாவம், பயந்த மனுஷன். வரைபடத்தை எடுத்துக் காட்டினார். எத்தனையோ வருஷமாக மடித்து மடித்து வைத்ததில், மடிப்பு சரியாக எங்கள் கரையோரத்தில் விழுந்து, அங்கே எண்கள் எல்லாம் தேய்ந்து போயிருந்தன. புது வரைபடம் வந்ததும் எழுதலாம் என்று காலியாக விட்டிருக்கிறார். புது வரைபடம் கேட்டு எழுதிய கடிதம் எந்த மேஜையில் தூங்குகிறதோ தெரியாது. தெரியாது என்பதற்கு அவர் விட்ட காலி இடம். விதிப்படி நான் அதைக் காலியாகக் குத்தினேன். மெஷினுக்குக் காலி இடமும் பூஜ்யமும் ஒன்று. பூஜ்யம் என்றால் தரை. இப்படி ஆளுக்கு ஒரு கை போட்டு, எங்கள் கடலில் இரண்டு மைலைத் தூர்த்துவிட்டோம்.

டாக்டரிடம் சொன்னேன். கதவைத் தட்டிவிட்டுத்தான் போனேன், மரியாதையாகத்தான் சொன்னேன். அவர் தலையைத் தூக்கவில்லை. கோபம் வந்தால் அவருக்குத் தாமிரபரணித் தமிழ் எட்டிப்பார்க்கும். அன்றைக்கு வந்தது.

"ஒனக்குக் குத்துததுக்குச் சம்பளம். கடலப் பத்திப் பேசுததுக்கு நான் இருக்கேன்."

இரண்டு மைல் விட்டுப்போனதால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது என்றார். பிறகு அந்த உதவியாளரைக் கூப்பிட்டு எனக்கு எதிரிலேயே வறுத்து எடுத்தார். கல்லைக் கண்டால் நாயைக் காணோம் என்பார்கள். இங்கே கல்லும் இருந்தது, நாயும் இருந்தது, எறியத்தான் முடியவில்லை. இதற்காகவாவது அந்த ஒன்பது எண்களைக் கொண்டுவந்து இவர் மேஜையில் வைக்கிறேன் என்று சபதம் செய்துகொண்டேன். ஊர் நன்மை, உலக நன்மை எல்லாம் அப்போது என் மனசில் இல்லை. பொய் சொல்ல மாட்டேன். அந்த முகத்தில் ஒரு நாள் அசடு வழிய வேண்டும், அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

எங்கள் வீட்டுக்கு வாரத்தில் இரண்டு நாள் ஒரு மீன்கார அக்கா வருவாள். முகத்துவாரத்துக்குத் தெற்கே ஒரு குப்பம். அங்கே கடலைப் பார்த்த முதல் வரிசைக் குடிசை அவளுடையது. அங்கிருந்து கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பாலத்தைக் கடந்து எங்கள் சந்துவரை நடந்து வருவாள். கான்வென்டில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற அம்மாவை டீச்சரம்மா என்பாள். என்னோடு அவளுக்கு எப்போதும் ஒரு முறைப்பு. மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துப் பழசு என்று நான் சொல்லிவிடுவேன், அதனால்.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் கொல்லைப்படியில் உட்கார்ந்து வஞ்சிரம் நறுக்கிக்கொண்டிருந்தபோது, உங்கள் வீட்டுக்காரர் போகிற இடத்தில் எல்லாம் ஆழம் தெரியுமா என்று கேட்டேன். அவள் அரிவாள்மனையிலிருந்து கையை எடுத்தாள்.

"இன்னாத்துக்குக் கேக்கற? எவன் வந்து கணக்கு எட்த்துக்கினு போனாலும் அது எங்க தலைலதான் வுழுது."

நான் விளக்கிச் சொன்னேன். புயல், காற்று, கட்டம், மெஷின் எல்லாம். எவ்வளவு புரிந்ததோ, அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, ஒரு விஷயத்தைச் சொன்னாள். சில வருஷத்துக்கு முன் ஒரு புயலில் பட்டப்பகலில் கடல் குடிசைக்குள் வந்திருக்கிறது. அடுப்பில் சோறு வெந்துகொண்டிருந்ததாம். நாலு வயதுப் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடியவள் கால் இடறி விழுந்து எழுந்தபோது இடுப்பில் பையன் இல்லை. புயல் வருகிறது என்று துறைமுகத்துக்குத் தெரிந்திருக்கிறது, கப்பலுக்கெல்லாம் சொல்லியிருக்கிறார்கள். குப்பத்துக்கு வந்து சொல்ல ஒரு நாதி இல்லை. இதை அவள் அழாமல்தான் சொன்னாள். மீனை நறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"கடலு ஆயம் குட்த்தா, தண்ணி வர்றதுக்கு மின்னாடி எங்களுக்கு வந்து சொல்லுவாங்களா?" என்று கேட்டாள்.

"முதல்ல உங்களுக்குத்தான்கா சொல்லுவாங்க," என்றேன்.

யாரைக் கேட்டுச் சொன்னேன்? ஓட்டை போடுகிறவள் நான். எனக்கு டீ குடிக்கப் போகவே அனுமதி வேண்டும். ஆனால் வாய் சொல்லிவிட்டது, அவள் நம்பிவிட்டாள். அம்மா சமையலறையிலிருந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

பெண்பிள்ளையைக் கட்டுமரத்தில் ஏற்ற மாட்டார்கள். அதனால் எந்த இடத்தில் ஆழம் வேண்டும் என்று நான் சொல்லியனுப்ப, அவள் புருஷன் ஈயக்குண்டு கட்டிய கயிற்றைக் கடலில் விட்டு அளந்துவந்து அவளிடம் சொல்வான். சாந்தோம் கோயில் கோபுரம் இந்தப் பக்கம் எந்த மரத்துக்கு நேராகத் தெரிகிறது, அடையாற்றுப் பெரிய தோட்டத்து மரங்கள் எப்போது சேர்ந்து ஒரே கறுப்பாகின்றன, இதுதான் அவன் இடக்கணக்கு. அவள் அதை மனப்பாடம் செய்துகொண்டு மீனோடு கொண்டுவந்து இறக்குவாள். இங்கே மூணு பாகம், அங்கே அஞ்சு பாகம், அதற்கு வெளியே ஏழு. அம்மாவின் பழைய அட்டென்டன்ஸ் நோட்டில் நான் எழுதிக்கொள்வேன். நடுவில் இரண்டு வெள்ளிக்கிழமை கடல் சரியில்லை என்று எண் வரவில்லை. மீனும் வரவில்லை.

பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்த நீளம். கயிற்றை அப்படி விரித்து விரித்து எண்ணுவார்கள். கப்பல் படத்தில் அதற்கு ஆறடிக் கணக்கு. ஆனால் இவன் கை ஆறடி இருக்குமா? எனக்கு இந்த மாதிரி அரைகுறை பிடிக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, அம்மாவின் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு குப்பத்துக்குப் போனேன். வலை பின்னிக்கொண்டிருந்தவனை எழுப்பிக் கையை விரிக்கச் சொன்னேன். குப்பமே கூடிவிட்டது.

"இன்னா, எனுக்குச் சட்டை தெக்கப் போறியா?" என்றான் அவன், வேண்டாவெறுப்பாக. ஆனாலும் கோயில் சிலுவை மாதிரி கையை விரித்துக்கொண்டு நின்றான். ஐந்தடி ஏழங்குலம். பெண்கள் எல்லாம் சிரித்தார்கள், அக்கா மட்டும் சிரிக்கவில்லை. நான் டேப்பைச் சுருட்டும்வரை பார்த்துக்கொண்டே நின்று, சொன்ன சொல் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றேன்.

ஒன்பது எண்களையும் ஐந்தடி ஏழங்குலத்தால் பெருக்கி, தாளில் எழுதி, டாக்டர் மேஜையில் கொண்டுபோய் வைத்தேன். எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டார். சொன்னேன். அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் மேல்மாடி முழுக்கச் சிரிப்பு. நம்ம பஞ்ச் பொண்ணு செம்படவன் கையை அளந்துவிட்டு வந்திருக்கிறாள் என்று இவரே சொல்லிச் சிரித்தாராம். காது குளிரக் கேட்டேன். என்னோடு வேலைபார்த்த மூன்று பெண்களும் எனக்காகக் கோபப்படவில்லை, அவர்களுக்கும் சிரிப்புதான் வந்தது. அதையும் நான் மறக்கவில்லை.

ஆனால் கடல் அவரைச் சும்மா விடவில்லை. அந்தப் பையனைக் கொண்டுபோன புயலையே மெஷினில் ஓட்டிப் பார்த்து, துறைமுகத்தில் அன்றைக்குத் தண்ணீர் ஏறிய பதிவோடு பொருந்துகிறதா என்று மேலதிகாரிகளுக்குக் காட்ட வேண்டியிருந்தது. பொருந்தவேயில்லை. மெஷின் இடுப்பளவு சொன்னது. பதிவு அதைவிட எங்கேயோ மேலே நின்றது. காற்றைக் கூட்டிப் பார்த்தார், குறைத்துப் பார்த்தார். கூட்டத்துக்கு நாலு நாள் இருக்கும்போது, உதவியாளர் வந்து என் பக்கத்தில் நின்று, அந்தத் தாளைக் குத்திக் கொடுக்கச் சொல்கிறார் டாக்டர் என்று ரகசியம் மாதிரிச் சொன்னார்.

ஒன்பது அட்டை. அரைமணி நேர வேலை. என் சர்வீஸிலேயே அவ்வளவு நிதானமாக நான் எதையும் குத்தியதில்லை. பழைய ஒன்பதை உருவிவிட்டுப் புதியதைச் சொருகினேன். மறுநாள் வந்த விடை துறைமுகப் பதிவுக்கு அருகில் போய் நின்றது. எங்கள் கரையில் கழுத்தளவு. சுவரில் புதுப் படம் மாட்டினார்கள். வயிறு போய்விட்டது, கரை இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. டாக்டர் என்னைத் தாண்டித்தான் போனார். நன்றி என்ற சொல்லைத் திருநெல்வேலியிலேயே விட்டுவிட்டு வந்திருப்பார் போல. அறிக்கையில் 'உள்ளூர் அளவீடுகள்' என்று ஒரு வரி வந்தது. யார் அளவீடு, யார் கை, ஒன்றும் இல்லை. இருந்தாலும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை அக்காவிடம் சொன்னேன், உங்க வீட்டுக்காரர் கணக்கால்தான் மெஷினுக்கே புத்தி வந்தது என்று. அவள் முதல்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தாள். போகும்போது இரண்டு மத்தி அதிகம் போட்டாள்.

மூன்று மாதம் கழித்துக் குப்பத்தில் நோட்டீஸ் ஒட்டினார்கள்.

கரையோர மனைகளைக் கவனித்துக்கொண்ட ஓர் அலுவலகம் அறிக்கையை வாங்கிப் பார்த்து, டாக்டரிடம் விளக்கமும் எழுதி வாங்கியிருக்கிறது. முதல் மூன்று வரிசைக் குடிசைகள் புயல் காலத்தில் கழுத்தளவு தண்ணீரில் நிற்கும் என்று விஞ்ஞானப்பூர்வமாகத் தெரியவந்திருப்பதால், அங்கு வசிப்போரின் உயிர்ப் பாதுகாப்பை முன்னிட்டு, அவர்களை மேற்கே கால்வாய்க்கு அந்தப் புறம் மாற்றுகிறார்களாம். கட்டுமரம் எங்கே நிற்கும், வலை எங்கே காயும், விடியற்காலையில் கடல் நிறத்தைப் பார்க்க இரண்டு மைல் நடக்க வேண்டுமா, இதெல்லாம் நோட்டீஸில் இல்லை. புயல் வந்தால் யார் வந்து சொல்வார்கள் என்பதும் இல்லை. குப்பத்துக்குப் பின்னால், அதே மணலில், கல் நட்டுப் புதுக் காலனி அளந்துகொண்டிருந்தார்கள். அதற்கு நோட்டீஸ் கிடையாது. அங்கே டாக்டர் ஒரு மனை வாங்கியிருந்தார்.

அன்றைக்கு நான் கதவைத் தட்டவில்லை. நேராக உள்ளே போனேன். நம்முடைய கட்டம் இரண்டு மைல் அகலம், குப்பமும் காலனியும் ஒரே கட்டத்துக்குள் வருகின்றன, இந்தக் குடிசைக்குத் தண்ணீர், அந்த வீட்டுக்கு இல்லை என்று நம் மெஷின் சொல்லவே இல்லையே, சொல்லாததை எப்படி எழுதினீர்கள் என்று கேட்டேன். அவர் பேனாவை மூடினார்.

"கடல் அங்க இல்ல, இங்க இருக்குன்னு கூத்தடிச்சது யாரு? நீதானே. இப்ப அவங்க வீட்டு வாசல்ல கொண்டாந்து விட்டாச்சு. சந்தோசப்படு."

குடிசை வேறு, கான்கிரீட் அஸ்திவாரம் வேறு என்றும் சொன்னார். வல்லான் வகுத்ததே வாய்க்கால். அஸ்திவாரத்தைப் பற்றி நாம் ஓர் அட்டைகூடக் குத்தவில்லையே சார், உங்கள் மனையும் அதே கட்டம்தானே சார் என்றேன். அந்த முகத்தில் நான் பார்க்க ஆசைப்பட்டது ஒரு நிமிஷம் வந்தது. இத்தனை நாள் காத்திருந்து பார்த்தேன், ஒரு சுகமும் இல்லை. மறுநாளிலிருந்து என்னை நூலகத்தில் புத்தகத்துக்கு லேபிள் ஒட்டப் போட்டார்கள்.

போவதற்கு முன் ஒன்று செய்தேன். செய்யப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். அட்டை அலமாரிச் சாவி அன்று மாலைவரை என்னிடம்தான் இருந்தது. தட்டை வெளியே இழுத்தேன். வரிசை குலைந்தால் தெரியட்டும் என்று அட்டைக்கட்டின் மேல் விளிம்பில் குறுக்காகச் சிவப்புக் கோடு போட்டிருப்போம். என்னுடைய ஒன்பது அட்டைகளும் புதியவை, கோடு கொஞ்சம் பளிச்சென்று இருக்கும். உருவினேன். பழைய ஒன்பதும் டிராயரில் இருந்தன. மாற்றி வைத்தால் அடுத்தமுறை மெஷின் மறுபடி இடுப்பளவு சொல்லும், கடல் இரண்டு மைல் தள்ளிப் போய்விடும், அறிக்கை தப்பு என்று ஆகிவிடலாம். கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அந்த நாலு வயதுப் பையன் ஞாபகம் வந்தது. இடுப்பளவு என்று சொல்லிக் கழுத்தளவு வந்தால்? உண்மையை வைத்தாலும் அவளுக்கு அடி, பொய்யை வைத்தாலும் அவளுக்கு அடி. டாக்டருக்கு மட்டும் எப்படியும் அடி இல்லை. ஒன்பதையும் இருந்த இடத்திலேயே சொருகினேன். சிவப்புக் கோடு நேராக இருக்கிறதா என்றுகூடப் பார்த்தேன். அந்தப் பழக்கம் போகவில்லை.

அக்கா அந்த வெள்ளிக்கிழமை வந்தாள். கூடையை இறக்கவில்லை. தலையில் வைத்துக்கொண்டே வாசலில் நின்றாள். நான் அதே கட்டம், அதே மணல், காலனி, மனை என்று என்னென்னவோ சொன்னேன். எழுதிப் போட்டது நான் இல்லை என்றேன். அது உண்மைதான், ஆனாலும் சொல்லும்போதே அசிங்கமாக இருந்தது. அம்மா உள்ளே வா என்று கூப்பிட்டும் அவள் படியேறவில்லை.

"உன் மிஷின்ல கடலு ரெண்டு மைலு தள்ளி இருந்துச்சின்னு நீதானே சொன்னே," என்றாள். சத்தம் போடாமல், சாதாரணமாகத்தான் சொன்னாள். "அங்கியே வுட்ருக்கலாம் இல்ல? நாங்க தரைல இருந்திருப்போம். என் புருசன் கையாலயே அளந்து எங்க வூட்டுக்குக் கொண்டாந்து வுட்டியே."

கூடையை இறக்காமலே திரும்பி நடந்தாள்.

முதல் மூன்று வரிசையைப் பிரித்துவிட்டார்கள். எதிர்த்தவர்கள் எதிர்த்தார்கள், மூங்கிலையும் ஓலையையும் லாரியில் ஏற்றினார்கள். அவளும் கால்வாய்க்கு அந்தப் புறம் போனாள். மீன் கூடையைப் பஸ்ஸில் ஏற்ற கண்டக்டர் விடமாட்டான். ஆகவே அங்கிருந்து முதலில் கடலுக்கு, கடலிலிருந்து எங்கள் பக்கத்துக்கு, இரட்டை நடை. காலனியில் வீடுகள் எழும்பின. டாக்டர் மாடி வைத்துக் கட்டினார். புதுமனைப் புகுவிழாவுக்கு அலுவலகத்தில் எல்லோருக்கும் பத்திரிகை வைத்தார், எனக்கும் வைத்தார். அதைக் கிழித்துக் குப்பையில் போட்டேன். அறிக்கை நூலகத்துக்கு வந்தபோது அதற்கு லேபிள் ஒட்டியதும் நான்தான். புயல் வந்தால் குப்பத்துக்கு முதலில் சொல்ல வேண்டும் என்று அதில் எங்காவது ஒரு வரி இருக்குமா என்று கடைசிப் பக்கம்வரை தேடினேன். அதற்குப் பிறகும் புயல்கள் வந்தன. போய்ச் சொல்ல யாரும் போகவில்லை. நானும் போகவில்லை, எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது?

அவள் எங்கள் சந்துக்கு வருவதை நிறுத்தவில்லை. வியாபாரத்தை எதற்கு விட வேண்டும்? சந்தில் பதினோரு வீடு. முனையிலிருந்து மீனே மீனே என்று ஒவ்வொரு வாசலாகக் கூவிக்கொண்டு வருவாள். பக்கத்து வீட்டு வாசலில் கூவுவாள். எங்கள் வாசல் வரும்போது குரல் நின்றுவிடும். முகத்தைக்கூடத் திருப்பமாட்டாள், நடையும் மாறாது. அடுத்த வாசலில் மறுபடியும் மீனே என்று தொடங்குவாள். அம்மா கதவுக்குப் பின்னால் பாத்திரத்தோடு நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவாள். என்னைத் திட்டவில்லை. ஒரு நாளாவது திட்டியிருக்கலாம். பத்து வாசலில் குரல், ஒரு வாசலில் காலி. காலியாக விட்ட இடத்துக்கு என்ன மதிப்பு என்று மற்றவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், எனக்குத் தெரியும்.